நாற்றம் உடையன கடவற்க

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு அரசருக்கு ஒரு மாதம் முழுக்கச் சளி பிடித்திருந்தது. அரண்மனை வைத்தியர்கள் கஷாயம் காய்ச்சிக் காய்ச்சிக் களைத்துப்போன ஒரு காலையில், எவரும் எதிர்பாராமல் மூக்கு திறந்துகொண்டது. அந்த மகிழ்ச்சியில் அரசர் யானை மேலேறி நகர்வலம் புறப்பட்டார். ஒரு மாதமாக எதையும் முகராத அந்த மூக்கு முதன்முதலாக முகர்ந்தது, லாயத்துக்குப் பின்னால் குதிரைக்காரன் வீட்டுக் கொடியில் தொங்கிய கருவாட்டை.

அரசர் அங்கேயே யானையை நிறுத்தினார். “நாறுகிற எதுவும் இனி என் கோட்டைக்குள் வரக்கூடாது!” என்று உத்தரவு போட்டார்.

அந்த அரசருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சொன்ன சொல்லை மாற்றவே மாட்டார். யோசித்துச் சொன்னதும் மாறாது, யோசிக்காமல் சொன்னதும் மாறாது. ஆகவே உத்தரவைக் கல்லில் வெட்டி வாசலில் நிறுத்தச் சொன்னார்.

அதை எழுதும் பொறுப்பு அமைச்சர் பரிமளராயரிடம் போனது. கோட்டைக்கு வெளியே ரோஜாத் தோட்டம், தோட்டத்து நடுவே மாளிகை, மாளிகைக்குப் பின்னால் அத்தர் காய்ச்சும் பட்டறை என்று வாழ்ந்தவர் அவர். அவர் வருவதற்குக் கால் நாழிகை முன்பே அவர் வாசனை வந்துவிடும். போன பிறகும் அரை நாழிகை இருக்கும். அரசர் சொன்னதை அப்படியே எழுதினால் குதிரைக்காரனுக்குக்கூடப் புரிந்துவிடுமே, அதில் அமைச்சருக்கு என்ன பெருமை? எனவே செந்தமிழில் செதுக்கினார்: “நாற்றம் உடையன எவையும் இவ்வாயில் கடவற்க.” அரசர் தலையாட்டினார். முத்திரை விழுந்தது. கல்லும் நின்றது.

கல் நின்ற பிறகு உப்பங்கரை என்ற கடலோர ஊரில் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த ஊருக்குக் கருவாடு ஒன்றே பிழைப்பு. பிடித்த மீனை உப்பிட்டு, மணலில் காயவைத்து, வண்டி வண்டியாகத் தலைநகருக்கு அனுப்புவார்கள். இப்போது போன வண்டிகள் எல்லாம் போன மாதிரியே திரும்பி வந்தன. கொட்டகைகளில் கருவாடு கூரை வரை குவிந்தது. மழைக்காலம் வந்து ஈரம் பட்டால் அத்தனையும் புழுத்துவிடும்.

ஊர் வணிகர்கள் கடற்கரையில் கூட்டம் போட்டார்கள். தலைநகருக்கு மூன்று பேரை அனுப்புவதென்று முடிவாயிற்று. முதல் ஆள் காத்தாயி. ஊரிலேயே பெரிய கருவாட்டுக் களம் அவளுடையது. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. இரண்டாவது ஆள் அவள் கொழுந்தன் சங்கிலி. மூன்றாவது தரகர் சொக்கலிங்கம். “தலைநகரத்துல எனக்குத் தெரியாத ஆளே கெடையாது” என்று அவர் சொன்னதால் அவரைச் சேர்த்தார்கள்.

பன்னிரண்டு ஓலைப்பெட்டிகளில் நல்ல கருவாடாகப் பொறுக்கி எடுத்து, மாதிரிக்கு வண்டியில் ஏற்றினார்கள். ஆறு நாள் பயணம். வழியெல்லாம் காத்தாயி அரசரிடம் பேசவேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மாடுகளுக்கே அது மனப்பாடமாகியிருக்கும்.

கோட்டை வாசலில் மோப்பக் காவலன் என்று ஒரு புது வேலை உண்டாகியிருந்தது. அந்த வேலையில் இருந்தவன் பெயர் மூக்கையன். பெயர் வைத்தவர்கள் முன்கூட்டியே தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ, பத்தடி தூரத்தில் நின்றபடியே மூக்கை உயர்த்தி, “நெத்திலி இருக்கு, சாளை இருக்கு, அடிப்பெட்டியில சுறா இருக்கு. திருப்பு வண்டிய” என்றான்.

“கருவாட்டை இங்கனயே வெச்சிட்டு நாங்க மட்டும் உள்ள போறோம்யா. ராசாவைப் பாக்கணும்” என்றாள் காத்தாயி.

மூக்கையன் ஓரடி முன்னால் வந்து மோந்தான். “நீயும் நாறுற தாயி” என்றான். அவன் குரலில் கேலி இல்லை. வேலையைச் சொன்னான்.

காத்தாயியை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. உப்பங்கரையில் எல்லோர் மேலும் அதே வாசம்தானே. அன்று மத்தியானம் ஆற்றங்கரைச் சத்திரத்தில் யாரும் பார்க்காத நேரத்தில் தன் தோளைத் தானே முகர்ந்து பார்த்தாள். வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், வெட்கப்பட்டதை நினைத்துக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே ஆற்றில் இறங்கினாள்.

சீயக்காய் தேய்த்துக் குளித்தார்கள். மஞ்சள் பூசினார்கள். எலுமிச்சம்பழத்தை அரிந்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு மறுநாள் போய் நின்றார்கள்.

மூக்கையன் கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தான். “நேத்து வெறும் கருவாடு. இன்னைக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்ச கருவாடு.”

மூன்றாம் நாள் பரிமளராயரின் பட்டறை ஆள் ஒருவன் வந்து, அத்தர் பூசினால் எந்த வாடையும் நிற்காது என்று ஆசை காட்டினான். சங்கிலி ஒரு குப்பியை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். மூக்கையன் பதினேழு முறை தும்மிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு திரும்பியதும், “மேல மல்லிகை. கீழ நெத்திலி. ரெண்டும் சண்டை போடுது. போயிருங்க, எனக்குத் தலை சுத்துது” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அதற்குள் தரகர் சொக்கலிங்கம் தமக்குத் தெரிந்தவர்களைத் தேட ஆரம்பித்தார். தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதிப் பேருக்கு அவரைத் தெரியவில்லை. ஆனாலும் அவர் சளைக்கவில்லை. கோட்டையிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொரு அதிகாரியையும் மடக்கி, ஊர் முறையீட்டை எழுதிய ஓலையை நீட்டினார். சந்தைக் கண்காணிப்பாளர், “இது சுங்கத்தார் விஷயம்” என்றார். சுங்கத்தார், “இது கோட்டைக் காவல் விஷயம்” என்றார். கோட்டைக் காவல் தலைவர், “இது நாற்றத்தைப் பற்றியது அல்லவா, சந்தையைக் கேளுங்கள்” என்றார். ஆனால் ஒவ்வொருவரும் கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, “ஆய்வுக்கு ஒரு பெட்டி கொடுங்கள்” என்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஆய்வு முழுவதும் ஆற்றுக்கு அக்கரைத் தோப்பில், சுள்ளி நெருப்பில் நடந்தது. புகை தெரிந்தது. பெட்டி ஒன்றும் திரும்பவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியிருந்தது. கிழக்கே கறுப்பாக மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

“மதினி, ஊருக்குப் போயிருவோம். இங்க நம்ம பேச்சு எடுபடாது” என்றான் சங்கிலி.

“போயி? குமிஞ்சு கெடக்கிற கருவாட்டைப் பாத்து அழவா? என்னைப் பேச அனுப்பிச்சிருக்காக. பேசாம வரமாட்டேன்” என்றாள் காத்தாயி. சொன்னாளே தவிர, எப்படிப் பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் ஒல்லியாக ஓர் ஆள், தலைப்பாகை ஒரு பக்கமாகச் சரிந்திருக்க, மூக்கை நீட்டிக்கொண்டு சத்திரத்துக்குள் நுழைந்தான். “இங்கே யார் கையில் நெத்திலி இருக்கிறது? உண்மையைச் சொல்லிவிடுங்கள். மூன்று மாதமாக நான் அதைப் பார்க்கவில்லை.”

அவன்தான் சீராளன், அரசவை விகடகவி. அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அரசர் அவன் பேச்சுக்குச் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பரிமளராயருக்கு வயிறு எரிந்ததும் ஊரறிந்த விஷயம்.

காத்தாயி நாலு நெத்திலியைத் தணலில் வாட்டிக் கொடுத்தாள். அவன் தின்று முடிக்கும் வரை பொறுத்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊரில் அணைந்த அடுப்புகள், வாசல், மூக்கையன், ஆய்வுக்குப் போன பெட்டிகள் ஒன்றையும் விடவில்லை. தோளை முகர்ந்து பார்த்ததை மட்டும் விட்டுவிட்டாள். சீராளன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கோட்டை வாசலுக்குப் போய், கல்லில் இருந்ததை ஒருமுறை படித்தான். பிறகு விரலை ஒவ்வோர் எழுத்தின் மேலும் வைத்து மறுபடி படித்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று நினைத்தாள் காத்தாயி. கிட்டப் போய்ப் பார்த்தால் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பிற்பகலில் அவன் திரும்பி வந்து சபையில் நடந்ததைச் சொன்னான்.

“உப்பங்கரை வணிகர்கள் தங்களைக் காணப் பத்து நாட்களாகக் காத்திருக்கிறார்கள், அரசே” என்று அவன் சொல்ல, அரசர் இரக்கப்பட்டு, வரச்சொல் என்று வாயெடுத்திருக்கிறார். அதற்குள் பரிமளராயர் எழுந்துவிட்டார்.

“மன்னர் மன்னா! தங்கள் வாக்கு கல்லில் இருக்கிறது. கருவாட்டுக்காக அரச வாக்கு வளையலாமா? அந்தக் கூட்டத்தின் மேல் இத்தனை அக்கறை கொண்ட சீராளரே நாளை ஒருநாள் கோட்டை வாயிலைக் காக்கட்டும். கல்லில் உள்ளபடி நடத்தட்டும். சூரியன் சாய்வதற்குள் நாற்றமுள்ள பொருள் ஒன்றே ஒன்று உள்ளே நுழைந்தாலும், அவரும் அவர்களோடு நாட்டை விட்டுப் போகட்டும்.”

அரசருக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. “சம்மதமா, சீராளா?” என்றார்.

“சம்மதம், அரசே. ஆனால் கல்லில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து நடத்த எனக்கு அதிகாரம் வேண்டும். அமைச்சரானாலும் அரண்மனையானாலும் விலக்கு கூடாது.”

“எழுத்துக்கு எழுத்து. விலக்கு இல்லை” என்று அரசர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்டதும் காத்தாயி குறுக்கே வந்தாள். “ஐயா, எங்களுக்காக நீங்க ஊரை விட்டுப் போவணுமா? வேண்டாம்யா. எங்க தலையெழுத்து எங்களோட போவட்டும்.”

“அம்மா, நாளைக்கு நீங்கள் குளிக்காமல் வாருங்கள்” என்றான் சீராளன்.

விடிந்தது. சீராளன் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் மூக்கையன். முதலில் வந்தவை அரண்மனைக்கான பூ வண்டிகள்.

“என்ன வாடை?” என்றான் சீராளன்.

“மல்லிகை, மருக்கொழுந்து, செண்பகம்” என்றான் மூக்கையன்.

“திருப்பு.”

பூக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்து சந்தனக் கட்டை வந்தது, திரும்பியது. சாம்பிராணி திரும்பியது. ஏலம், கிராம்பு, பச்சைக் கற்பூரம் எல்லாம் திரும்பின. பரிமளராயரின் பட்டறையிலிருந்து பன்னீர்க் குடங்கள் ஏற்றிய ஏழு வண்டிகள் வந்தன. அவை திரும்புவதற்குச் சாலையில் இடமில்லாமல் ஆற்றோரமாக வரிசையில் நின்றன. இதெல்லாம் எதற்கென்று மூக்கையனுக்கும் புரியவில்லை. மோந்ததைச் சொல்வது அவன் வேலை, சொன்னான்.

சிறிது நேரத்தில் காற்றில் ரோஜா வாசனை வந்தது. கால் நாழிகை கழித்துப் பல்லக்கு வந்தது.

“இறங்குங்கள் அமைச்சரே. தங்களிடம் நாற்றம் இருக்கிறது” என்றான் சீராளன்.

பரிமளராயர் பல்லக்கிலிருந்து பாதி விழுந்து பாதி இறங்கினார். “என்னிடமா? நாற்றமா? உமக்கு மூளை பிசகிவிட்டதா?”

“கல்லில் தாங்கள் எழுதியது செந்தமிழ். செந்தமிழில் பூ மணத்துக்கும் சந்தன மணத்துக்கும் பெயர் என்ன?”

பரிமளராயர் கல்லைத் திரும்பிப் பார்த்தார். இன்று நாம் கெட்ட வாடையைத்தான் நாற்றம் என்கிறோம். ஆனால் பழைய நூல்களில் நாற்றம் என்றால் நறுமணம். அது அவருக்கு நன்றாகவே தெரியும். பெருமைக்காக எழுதிய சொல் இப்போது வாசலில் குறுக்கே நின்றது.

அதே நேரம் காத்தாயி, சங்கிலி, சொக்கலிங்கம் மூவரும் கடைசிப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள்.

“இது?” என்றான் சீராளன்.

“கவிச்சி” என்றான் மூக்கையன்.

“கல்லில் கவிச்சியைப் பற்றி ஓர் எழுத்தாவது இருக்கிறதா? இல்லை. உள்ளே போங்கள் அம்மா.”

காத்தாயி நடந்தாள். பத்து நாளாகத் தாண்ட முடியாத நிலைப்படியை அவள் கால் தாண்டியது. மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்து, “அமைச்சரய்யா, ஆத்துல தண்ணி நல்லாத்தான் இருக்கு. சீயக்காய் வேணும்னா சத்திரத்துல வெச்சிட்டு வந்திருக்கேன், எடுத்துக்கிடுங்க” என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் பரிமளராயரை அதிகம் சுட்டது.

சபையில் அரசர் கொதித்துக்கொண்டிருந்தார். மாலை இல்லை, சந்தனம் இல்லை, சாம்பிராணிப் புகை இல்லை. அரசி கொண்டையில் பூ இல்லாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனைக்கும் மேல் கருவாட்டுப் பெட்டி ஒன்று கம்பீரமாக நடந்து உள்ளே வந்தது.

“சீராளா! நீ தோற்றாய். இப்போதே நாட்டை விட்டுக் கிளம்பு!” என்று கர்ஜித்தார்.

வாசலை மூக்கையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்த சீராளன் வணங்கினான். “அரசே, தங்கள் வாக்கை எழுத்துக்கு எழுத்து நடத்தினேன். ஐயம் இருந்தால் அவைப்புலவரைக் கேளுங்கள்.”

அவைப்புலவர் எழுந்து, கல்லில் உள்ள வாசகத்தைச் சொல்லி, நாற்றம் என்பதற்கு நறுமணம் என்பதே நூல் வழக்கு என்று பொருள் கூறினார். அரசர் மூக்கைச் சொறிந்தார்.

அந்த வேளையில் பரிமளராயர் உள்ளே நுழைந்தார். தலை முதல் கால் வரை தண்ணீர் சொட்டியது. மூன்று முழுக்குப் போட்ட பிறகுதான் மூக்கையன் விட்டிருக்கிறான். “அரசே! நாற்றம் என்பதற்கு முன்னால் ‘தீ’ என்று ஓரெழுத்தைச் சேர்க்க உத்தரவிடுங்கள். தீநாற்றம். பூ உள்ளே வரும், கருவாடு வெளியே போகும். வாக்கு மாறவில்லை, வளர்ந்தது மட்டுமே!”

அரசர் முகம் தெளிந்தது. காத்தாயிக்கு வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. வந்தது கோபம்தான்.

“மகாராசா, நான் பேசலாமா?”

“பேசு, அம்மா.”

“இந்த அய்யாவோட அத்தர் வண்டி கப்பலுக்குப் போறப்ப எங்க தெரு வழியாத்தான் போவும். போனா எங்க பொம்பளைகளுக்குக் கொமட்டும். நாங்க யாராச்சும் தெருவை அடைச்சமா? அவுகளுக்கு அது பிழைப்புன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னோம். எங்க பிழைப்புக்கு நீங்க கொஞ்ச நேரம் மூக்கைப் பொத்தக் கூடாதா?”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“தீநாத்தமோ என்னமோ, அந்தப் பேச்செல்லாம் எனக்குத் தெரியாது. இந்த ஊர்ப் பெரிய அதிகாரிக எல்லாரும் பெட்டி பெட்டியா வாங்கிட்டுப் போனாக, ஒண்ணும் திரும்பி வரல. அதனால கேக்குறேன். ஒரு சட்டியும் கொஞ்சம் நெருப்பும் குடுங்க. அதுக்கப்புறமும் இது நாறுதுன்னு சொன்னா, நான் வாயை மூடிக்கிட்டுப் போயிருறேன்.”

சந்தைக் கண்காணிப்பாளர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அரசருக்கோ காலையிலிருந்து வந்த கோபத்தில் பலகாரம்கூட இறங்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. “கொடுங்கள்” என்றார்.

சபை மண்டபத்து முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். காத்தாயி சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, காய்ந்த மிளகாய் நாலைக் கிள்ளிப்போட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, கழுவிய நெத்திலியை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். சட்டி ‘ஸ்ஸ்’ என்றது.

முதலில் பின்வரிசைக் காவலர்கள் இரண்டு பேர் காணாமல் போனார்கள். பிறகு கணக்கர் எழுத்தாணியை வைத்துவிட்டு முற்றத்துப் பக்கம் நகர்ந்தார். சுங்கத்தார் நகர்ந்தார். வெண்சாமரம் வீசியவள் வீசிக்கொண்டே நகர, காற்று அரசரை விட்டுவிட்டுத் தூணுக்கு அடித்தது. அவைப்புலவர், “ஆராய வேண்டியிருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். உள்ளறைக் கதவு திறந்து அரசி எட்டிப் பார்த்தார்.

சபையில் அரசரும் பரிமளராயரும் மட்டும் மிஞ்சினார்கள். அந்த அமைதியில் ஒரு வயிறு பெரிதாக உறுமியது.

“அது யாருடைய வயிறு?” என்றார் அரசர்.

“அடியேனுடையது, அரசே” என்றார் பரிமளராயர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அரசர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மண்டபம் அதிரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முற்றத்துக்கு வந்து, காத்தாயி கொடுத்த இலையில், காவலர்கள் கொண்டுவந்த பழைய சோறும் நெத்திலியும் வாங்கித் தின்றார். இரண்டாம் முறையும் கையை நீட்டினார். வாய் நிறையச் சோற்றோடுதான் அவருக்கு அந்தக் கவலை வந்தது.

“சீராளா, வாசல் எல்லோருக்கும் திறக்க வேண்டும். ஆனால் என் வாக்கு கல்லில் இருக்கிறதே. அதை நான் அழிக்க மாட்டேன்.”

“அழிக்கவே வேண்டாம், அரசே. கல்லைத் திருப்பி வைத்தால் போதும். எழுத்து மதிலைப் பார்த்து நிற்கட்டும். மதில் அதைப் படித்துக் கீழ்ப்படியும். நாற்றமுள்ள மதில் எதுவும் இனி வாசலைத் தாண்டாது.”

அரசருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அரசி தலையில் தட்ட வேண்டியிருந்தது. மூச்சு திரும்பியதும் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சீராளன் கழுத்தில் போட்டார். “இது போதாது. இன்னும் என்ன வேண்டும், கேள்.”

“இனி முத்திரை குத்துவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்க்கும் அரசர் ஒருவர் வேண்டும்.”

சுற்றியிருந்தவர்கள் விறைத்துப்போனார்கள். அரசர் இன்னொரு முறை சிரித்தார், இந்த முறை கொஞ்சம் வெட்கத்தோடு. “தந்தேன்” என்றார்.

அன்று மாலையே கல் திரும்பியது. பூ வண்டிகளும் பன்னீர் வண்டிகளும் உள்ளே வந்தன. சங்கிலி வண்டியில் மாடுகளைப் பூட்டினான். மழைக்கு முன்னால் கொட்டகைகளைக் காலி செய்யும்படி ஊருக்குச் சேதி சொல்ல முன்னால் கிளம்பினார் சொக்கலிங்கம். இப்போது தலைநகரத்தில் உண்மையாகவே அவரைத் தெரியாத ஆள் இல்லை. காத்தாயி வண்டியேறும்போது அரசர் மாடத்திலிருந்து குனிந்து கூப்பிட்டார்.

“அம்மா, அடுத்த வண்டி எப்போது வரும்?”

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். அலைக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மாடம் வரை தாராளமாகக் கேட்டது.

“காத்து எங்க பக்கமிருந்து அடிக்கிறப்போ மோந்து பாருங்க மகாராசா. அதுவே சொல்லும்.”